திரும்பிப் படுத்த தோட்டம்

நிலம் அசையாச் சொத்து என்று பத்திரம் எழுதுகிறவர்களும், சட்டம் படித்தவர்களும், இந்த இரண்டு சாராரையும் நம்பி ஏமாந்தவர்களும் ஒரே குரலில் சொல்லிவருகிறார்கள். இது பிழை. நெடுங்காலமாக யாரும் திருத்தாமல் விட்டதால் உண்மையின் சாயல் படிந்துபோன பிழை. நிலம் அசையும். மாட்டைப் போல நினைத்த நேரத்தில் அசையாது, நகையைப் போல அடகுக்கடைவரை நடந்து போகாது என்பதெல்லாம் சரி. ஆனால் தகுந்த காரணம் இருந்தால் அசையும். சங்கரன்கோவிலுக்கும் புளியங்குடிக்கும் நடுவே ஊத்தடி என்ற ஊரில், காலஞ்சென்ற வெள்ளைக்கண்ணுவின் தோட்டம், ஓர் ஆவணி மாதத்து இரவில், தூங்குகிறவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பதைப் போல, தென்னையும் எலுமிச்சையும் கிணறும் பம்புசெட்டும் எல்லைக் கற்களும் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பிப் படுத்தது.

சதுரமான நிலம் சுழன்றால் அதன் மூலைகள் அண்டை நிலத்துக்குள் நுழைந்துதான் வெளிவர வேண்டும், ஆகவே தெற்கே இருந்த வாழைத்தோட்டம் சாய்ந்திருக்கும், வடக்கே குளத்தின் கரை உடைந்திருக்கும் என்று வடிவியல் அறிந்தவர்கள் சொல்லக்கூடும். வாழை சாயவில்லை, கரை உடையவில்லை. ஊத்தடியில் வடிவியல் அறிந்தவர்கள் யாரும் இல்லாதது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

வெள்ளைக்கண்ணுவுக்குப் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் தளவாய், ஊருக்குள் மாடிவீடு கட்டிக்கொண்டு எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்லக் காத்திருக்கிற மனிதர். நடுவில் பிறந்தவள் ஆவுடைத்தங்கம், ஊருக்கு ஆவுடை. கடைசி மாகாளி, சென்னையில் மளிகைக்கடை வைத்திருந்தான். மூத்தவன் பிரித்தால் இளையவர்கள் முதலில் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். தகப்பனார் இறந்தபின் தளவாய் பிரிக்கவும் செய்தார், முதலில் எடுக்கவும் செய்தார். கிழக்கே தார்ச்சாலை, மேற்கே ஓடை. சாலையோரத்துத் தென்னைப் பங்கு தளவாய்க்கு, கிணறு இருந்த நடுப்பங்கு மாகாளிக்கு, ஓடையை ஒட்டிய எலுமிச்சைப் பங்கு ஆவுடைக்கு என்று, மூன்று வேட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காயப்போட்டதைப் போல நிலம் மூன்றாயிற்று. பொம்பளைப் பிள்ளைக்கு ரோட்டோரம் எதற்கு என்று அப்போது கேட்டவர் தளவாய். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் அதுவே முடிவாயிற்று.

ஆவுடை தன் பங்கிலேயே ஓர் ஓட்டு வீடு போட்டுக்கொண்டு இருந்தாள். புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கே வேறு குடும்பமாகிவிட்டான். அவளுக்கு மிஞ்சியது எலுமிச்சை. எலுமிச்சை மூட்டை சாலைக்குப் போக வேண்டுமானால் அண்ணன் தம்பி இருவரின் பங்கையும் தாண்டி வடக்கு ஓரமாக ஒரு பாதை உண்டு. அந்தப் பாதை வாய்ச்சொல்லில் இருந்ததே தவிர எந்த எழுத்திலும் இல்லை. கல்யாண மண்டபம் கட்ட மொத்தத் தோட்டத்தையும் ஒருவர் கேட்கிறார் என்று தளவாய் வந்து நின்றபோது, ஆவுடை கையெழுத்துப் போட மறுத்தாள். மறுத்த மறுநாள் பாதையில் உடைமுள் கிடந்தது. அன்றிலிருந்து அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, குளத்துக் கரையைச் சுற்றி, சாலைக்கு ஏறினாள். சேற்றில் வழுக்கி விழும்போதெல்லாம் அண்ணனின் பெயரைச் சொன்னாள்.

கையெழுத்து இல்லாவிட்டால் என்ன, அளந்தாவது வைப்போம் என்று தளவாய் சர்வேயரைக் கூட்டிவந்தார். நாலு பக்கமும் அளந்து, சாயங்காலம் கிளம்பிப் போனார்கள். அன்றிரவுதான் தோட்டம் திரும்பியது.

தெற்கே தலைவைத்துப் படுத்த ஆவுடை வடக்கே தலைவைத்து எழுந்தாள். வடக்கே தலைவைத்துப் படுப்பது ஆகாது என்பதால் முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். அதற்குள் வீட்டின் பின்புறத்தில், ஓடை இருக்க வேண்டிய இடத்தில், டவுன் பஸ் ஹாரன் அடித்தது. போய்ப் பார்த்தாள். அவளுடைய எலுமிச்சை மரங்கள் தார்ச்சாலையின் ஓரத்தில் பனி சொட்ட நின்றன. தூரத்தில், ஓடைப் பக்கம், அண்ணனின் தென்னைகள் யாரோ துரத்திவிட்ட ஆட்களைப் போலக் கூட்டமாக நின்றன. நடுவில் தம்பியின் கிணறு இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் அடுப்பு மூட்டி, கருப்பட்டிக் காப்பி போட்டு, சாலையைப் பார்த்து உட்கார்ந்து குடித்தாள்.

தளவாய் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் அவர் மனைவி சண்முகவடிவு.

"ஏட்டி, என் தென்னைய எங்கட்டி?"

"பின்னால நிக்கி. போய்ப் பாருங்க."

"என்னத்தச் செஞ்ச?"

"தூங்குனேன்."

"நீ தூங்குனா நெலம் திரும்புமா?"

"நான் எத்தன வருசமாத் தூங்குதேன், திரும்பல. நேத்து நீங்க சர்வேயரக் கூட்டியாந்தியள், திரும்பிட்டு. யார் செஞ்சதுன்னு நீங்களே சொல்லுங்க."

சண்முகவடிவு சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். "இவ மலைக்கு அந்தப் பக்கம் போயி எதையோ மந்திரிச்சு வாங்கியாந்து பொதைச்சிருக்கா. இல்லாட்டா இப்படி நடக்குமா?"

"மலைக்கு அந்தப் பக்கம் போவணும்னா பாதை வேணும்லா மைனி. அதத்தான் உங்க வீட்டுக்காரர் முள்ளப் போட்டு அடைச்சிருக்காரே."

கூடப் பிறந்தவனை 'உங்க வீட்டுக்காரர்' என்று அவள் சொன்னதை ஊர் கவனித்தது. நிலம் திரும்பியதைவிட அது கொஞ்சம் பெரிய செய்தியாகப் பேசப்பட்டது.

நிலம் திரும்பியதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் நிழல் பற்றிய பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. சாலைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த சொரிமுத்து, தென்னை நிழலில் போட்டிருந்த பெஞ்சில் இப்போது வெயில் அடிப்பதால் சாயங்கால வியாபாரம் போகிறது என்று தளவாயிடம் முறையிட்டான். 'தென்னந்தோப்பு இறங்கு' என்று கத்தும் டவுன் பஸ் கண்டக்டர் ஒருநாள் குழம்பினார், மறுநாள் 'எலுமிச்சை இறங்கு' என்றார், அவ்வளவுதான். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்துவிட்டு, பயிர் மாறவில்லை, பரப்பு மாறவில்லை, ஆள் மாறவில்லை, ஆகவே தன்னளவில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சர்வேயர் மட்டும் கல் கல்லாகப் போய் உட்கார்ந்து தடவிப் பார்த்தார். "கல்லெல்லாம் அதது எடத்துலதான் இருக்கு. எடந்தான் அங்க இல்ல" என்றார்.

தளவாய் அவரை விடவில்லை. முதல் அளவு தப்பு, மறுபடி அள என்றார். நாலு பக்கமும் அளந்தார்கள். மறுநாள் காலையில் தென்னை சாலைக்கு வந்தது, எலுமிச்சை ஓடைக்குப் போனது. அப்போதுதான் விஷயம் ஊருக்குப் புரிந்தது: அளந்தால் திரும்பும். ஆவுடைக்கும் புரிந்தது. அவள் அடுத்த சனிக்கிழமையே கொத்தனாரிடம் டேப்பை வாங்கி, நாலு பக்கமும் பிடித்து இழுத்து அளந்தாள். ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை சாலையில் இருந்தது. அவள் செய்த முதல் வேலை, அண்ணன் போட்ட அதே உடைமுள்ளை இழுத்துவந்து பாதையில் போட்டதுதான். தளவாயின் ஆட்கள் தேங்காயைச் சுமந்துகொண்டு ஓடைக்குள் இறங்கினார்கள்.

பிறகு அவர் அளந்தார், இவள் அளந்தாள், அவர் அளந்தார், இவள் அளந்தாள். தோட்டம் புரண்டு புரண்டு படுத்தது. எலுமிச்சை பூவை உதிர்த்தது. அங்கே கட்டிப்போட்ட கன்றுக்குட்டி எழுந்து நிற்க மறுத்தது. காகங்கள் தம் கூட்டைத் தேடிப் பறந்து களைத்து, கடைசியில் குளத்துக்கரைப் புளியமரத்துக்குக் குடிமாறின. ஊர் இதற்கும் பழகியது. அந்தப் பக்கம் போகும்போது தையல்காரர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பால்காரர் ஆவுடைக்குப் பாலை அளக்காமல் உத்தேசமாக ஊற்றினார். அதில் அவளுக்கு லாபமா நஷ்டமா என்பது பற்றி இரண்டு கட்சிகள் இருந்தன. மேலத்தெருவில் ஒரு சுவருக்காகத் தலைமுறைகளாக அடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், தங்கள் மனையும் திரும்பும் என்று நம்பிச் சர்வேயரைக் கூட்டிவந்து அளந்தது. மனை அப்படியே கிடந்தது. நம் சண்டை அந்த அளவுக்கு இல்லைபோல என்று அவர்கள் வெட்கப்பட்டு, சில நாள் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

எலுமிச்சை சாலையில் இருந்த ஒரு நாளில் மாகாளி சென்னையிலிருந்து வந்து இறங்கினான். பையைக்கூடக் கீழே வைக்காமல் கிணற்று மேட்டில் நின்று கத்தினான்.

"நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ரோட்டுக்கு வாரிய, போறிய. நான்?"

"ஒனக்கு என்னலே?" என்றார் தளவாய்.

"எனக்கு என்னவா? இந்தப் பக்கம் திரும்புனாலும் நடு, அந்தப் பக்கம் திரும்புனாலும் நடு. என் நெலம் எத்தன தடவ சுத்துச்சு, ஒரு நாளாவது ரோட்டப் பாத்துச்சா? உங்க சண்டையில எனக்குத் தலைசுத்தல் மட்டுந்தான் பங்கு."

"நீ எங்க இங்க இருக்க?" என்றாள் ஆவுடை. "மெட்ராஸ்ல இருக்கவனுக்கு எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

"அக்கா, நீ பேசாத. கிணறு என்னது. ஒன் எலுமிச்சைக்குப் பாயிற தண்ணிய நாளைக்கே நிறுத்திருவேன்."

"நிறுத்து. ஒன் பங்குத் தண்ணி வடியிற வாய்க்காலு என் பங்குல வருது. அதுலயும் முள்ளப் போடுதேன்."

மாகாளி வியாபாரி. கோபத்தின் நடுவிலும் கணக்குப் போடத் தெரிந்தவன். நாலு பக்கம் அளந்தால் பாதிச் சுற்றுத் திரும்புகிறது என்றால், இரண்டு பக்கம் மட்டும் அளந்தால் கால் சுற்றுத்தானே திரும்ப வேண்டும்? அவன் யாரிடமும் சொல்லாமல், எதிரெதிரான இரண்டு பக்கங்களை மட்டும் அளந்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

காலையில் தோட்டம் குறுக்கே கிடந்தது. முன்பு ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்த மூன்று பங்குகளும் இப்போது பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றும் தன் தலையைச் சாலையில் வைத்து, காலை ஓடையில் நீட்டிப் படுத்திருந்தன. தெற்கே தென்னை, நடுவே கிணறு, வடக்கே குளத்தை ஒட்டி எலுமிச்சை. மூவருக்கும் சாலை. யாருக்கும் யாருடைய பாதையும் தேவையில்லை.

ஊர் கூடி நின்று பார்த்தது. மூத்தவனுக்குத் தெற்கு என்ற முறைப்படி நிலமே பிரித்துக் கொடுத்திருக்கிறது என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். கோவில் பூசாரி மட்டும் தோட்டத்தை ஒருமுறை பார்த்து, சூரியனை ஒருமுறை பார்த்து, "இடமாச் சுத்தியிருக்கு. சாமிய யாரும் இடமாச் சுத்தமாட்டாவ. பாத்து நடந்துக்கிடுங்க" என்றார். பாதிச் சுற்றாகவே சுற்றிக்கொண்டிருந்தவரை இடமா வலமா என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தபின் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாகாளி அண்ணனையும் அக்காவையும் அம்மன் கோவிலுக்கு இழுத்துப் போனான். இனி இந்த நிலத்தை அளப்பதில்லை, அளக்காமல் விற்க முடியாது என்பதால் விற்பதுமில்லை என்று மூவரும் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செய்தார்கள். மாகாளி அன்று மாலையே சென்னைக்கு ரயிலேறினான்.

ஆவுடைக்கு அதன்பின் வந்தது நல்ல காலம். தன் பங்கின் சாலைத் தலைப்பில் ஓலைப் பந்தல் போட்டு எலுமிச்சையைக் குவித்து உட்கார்ந்தாள். லாரிகள் நின்று வாங்கிப் போயின. தலையில் மூட்டை இல்லை, காலில் சேறு இல்லை. புளியங்குடியில் வெல்டிங் பட்டறையில் சொல்லி, சக்கரம் வைத்துத் தள்ளுகிற பெரிய இரும்புக் கதவு ஒன்று செய்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, மேலே வளைவாகத் தன் முழுப் பெயரையும் வெட்டிப் பதித்து, சாலையைப் பார்த்து நட்டாள். வேலி இருந்ததோ இல்லையோ, கதவு இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் ஆவுடைத்தங்கம் என்று வாய்விட்டுப் படித்தார்கள்.

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. அண்ணன் சண்டைக்கு வரவில்லை. தன் தென்னைக்கு அடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டு, சாலையைப் பார்த்து, திருப்தியாகப் படுத்துக் கிடந்தார். தன்னிடம் எந்தக் குறையும் காணாத அண்ணனை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கூடக் கிடைத்திருந்தால் ஒழிய அந்த மனிதர் சிரிக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். தென்னைப் பங்கின் தலைப்பு எலுமிச்சைப் பங்கின் தலைப்பைவிட அகலமாக இருப்பதைப் போலக் காலையில் தோன்றியது, மத்தியானம் உறுதியாகத் தோன்றியது, சாயங்காலம் சண்முகவடிவு கதவைப் பார்த்தபடியே, "இவ்வளவு பெரிய கதவு எதுக்குட்டி? இருக்கிற எடமே கதவுக்குச் சரியாப் போச்சே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மன் கோவிலில் சித்திரைக் கொடைத் திருவிழா வந்தது. மேளச் சத்தம் கேட்டதும் ஊர் மொத்தமும் மத்தியானத்திலேயே கோவிலில் போய் நின்றது. தோட்டத்தில் ஆவுடையைத் தவிர யாரும் இல்லை. அவள் மாட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். சத்தியம் செய்தது அளக்கமாட்டேன் என்று. அளப்பது என்றால் எண் வேண்டும். டேப்பில் எண் இருக்கிறது, சர்வேயர் சங்கிலியில் கணக்கு இருக்கிறது, மாட்டுக் கயிற்றில் என்ன இருக்கிறது? வெறும் கயிற்றைத் தரையில் போட்டு எடுப்பதை அளப்பது என்று அம்மன்கூடச் சொல்லமாட்டாள். இப்படி யோசித்துக்கொண்டே அண்ணன் பங்கின் சாலைத் தலைப்பில் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டாள். அதைத் தன் பங்குக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள். முன்னால் சரியாக வைத்துப் பின்னால் குறைத்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்ததால், வெயிலில் நடந்து ஓடைப் பக்கமும் போய் இரண்டு பங்கையும் போட்டுப் பார்த்தாள்.

இரண்டு பக்கத்திலும் அவள் பங்குதான் ஒரு சாண் கூடுதலாக இருந்தது.

ஓடைக்கரையில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தாள். இத்தனை நாளும் அண்ணன் ஒரு சாண் குறைவான நிலத்தில் கட்டிலைப் போட்டு மன்னர் மாதிரி படுத்திருந்தார் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு நிற்கவில்லை. அன்று கொடைக்குப் போய், சாமி கும்பிட்டு, எதிரே வந்த சண்முகவடிவிடம், "மைனி, சௌக்கியமா?" என்று வலியப் போய்க் கேட்டாள். சண்முகவடிவு பயந்துபோனாள்.

மறுநாள் காலையில் வெயில் முன்வாசல் வழியாக வந்து முகத்தில் அடித்தது. முன்வாசல் வழியாக வெயில் வந்தது பாதையில் முள் கிடந்த பழைய நாட்களில்தான். கயிறும் அளவுதான், இரண்டு பக்கத்துக்குக் கால் சுற்று என்று கண்ணைத் திறக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொல்லைப்பக்கம் ஓடைத் தவளைகள் கத்தின. பஸ் ஹாரன் எங்கோ தொலைவில், தென்னைக்கு அந்தப் பக்கம் கேட்டது.

வெளியே வந்தபோது தளவாய் வடக்கு ஓரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடைமுள்ளை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது பாதை."

"எந்தப் பாதை?"

"நான் போற பாதை. எல்லாருக்கும் தெரிஞ்ச பாதை."

"நான் அளக்கல. மாகாளி ஊர்லயே இல்ல." தளவாய் முள்ளைக் காலால் மிதித்து அழுத்தினார். "சூடத்த அணைச்ச கை யாருது சுடுதுன்னு பாத்துக்கோ."

"எனக்கு ஒரு சாண் கூடுதலா இருந்துச்சு. தெரியுமா உங்களுக்கு?"

தளவாய் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பிறகு இன்னொரு முள்ளையும் இழுத்துவந்து போட்டார்.

ஆவுடை அன்றே கொத்தனாரின் டேப்பை வாங்கி, மறைக்காமல், ஊர் பார்க்க, நாலு பக்கமும் அளந்தாள். தளவாய் தடுக்கவில்லை, கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்தபோது தோட்டம் திரும்பியிருக்கவில்லை. அடுத்த வாரமும் அளந்தாள். திரும்பவில்லை. சர்வேயரையே கூட்டிவந்து அளந்தாள். கல்லும் இடமும் அதனதன் இடத்தில் இருந்தன. "அதுக்கும் தூக்கம் வரும்லா" என்றான் சொரிமுத்து, தென்னை நிழலில் பெஞ்சை மறுபடி இழுத்துப் போட்டபடி. கண்டக்டர் 'தென்னந்தோப்பு இறங்கு' என்றார்.

கல்யாண மண்டபக்காரர் இன்னும் இடம் கேட்கிறார் என்று தளவாய் ஆள் அனுப்பினார். முதலில் பாதையை எழுதித் தரச் சொல்லு என்று ஆவுடை அந்த ஆளைத் திருப்பி அனுப்பினாள். கையெழுத்துப் போட்டால் பாதை எதற்கு என்று கேட்டு அவர் மறுபடி அனுப்பினார். அவள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள்.

சாலையைப் பார்த்து நட்ட இரும்புக் கதவு, நிலத்தோடு சேர்ந்து கால் சுற்றுச் சுற்றி, இப்போது குளத்தைப் பார்த்து நிற்கிறது. மேய்ச்சல் முடிந்து தண்ணீருக்குப் போகும் எருமைகள் அதன் வழியாக வந்து போகின்றன. கடைசி எருமை போனதும் ஆவுடை அதை இழுத்துப் பூட்டிவிடுகிறாள்.